அடைபட்ட தண்ணீர்

2021 பிப்ரவரி 15, திங்கட்கிழமை, அதிகாலை 5:37 மணி. ஹூஸ்டனுக்குத் தென்மேற்கே பே சிட்டி என்ற சிற்றூரை அடுத்திருக்கும் சவுத் டெக்சாஸ் அணுமின் நிலையத்தின் முதல் உலை தானாக நின்றது. உலையில் கோளாறு ஒன்றும் இல்லை. நீராவிக் கலன்களுக்குத் தண்ணீர் ஏற்றும் பம்புகளின் அழுத்தத்தை அளந்து சொல்வதற்கென்று மெல்லிய குழாய் ஒன்று உண்டு. அந்தக் குழாயில் நின்ற தண்ணீர் உறைந்துவிட்டது. அழுத்தமானி கணக்குத் தவற, பம்புகள் நின்றன. பம்புகள் நின்றதும், பாதுகாப்பு ஏற்பாட்டின்படி உலையும் நின்றது. சுமார் 1,300 மெகாவாட் மின்சாரம் அந்த நேரத்தில் இல்லாமல் போனது.

குளிர் மாநிலங்களில் அணுமின் நிலையத்தின் டர்பைனைச் சுற்றிச் சுவர் எழுப்பி, மேலே கூரை போட்டிருப்பார்கள். இங்கே வெப்பம் வெளியேறட்டும் என்று திறந்தவெளியிலேயே விட்டிருந்தார்கள். நாற்பது டிகிரியைத் தொடும் டெக்சாஸ் கோடைக்கு அது சரியான பொறியியல்தான். அந்த வாரத்துக்கு அது பொருந்தவில்லை.

உலை நிற்பதற்கு நான்கு மணி நேரம் முன்பே மாநிலத்தின் மின் தொகுப்பு தள்ளாடத் தொடங்கியிருந்தது. அதை நடத்தும் எர்காட் அமைப்பு நள்ளிரவு தாண்டி 1:25 மணிக்கு வீடுகளின் இணைப்பைத் துண்டிக்க ஆரம்பித்தது. முழுத் தொகுப்பும் சரிவதற்கு 4 நிமிடம் 37 விநாடிதான் மிச்சமிருந்தது என்று அதன் அன்றைய தலைவர் பில் மேக்னஸ் பிறகு சொன்னார். உரி என்று பெயர் பெற்ற அந்தக் குளிர்காலப் புயலில் 45 லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகளும் கடைகளும் மின்சாரம் இழந்தன. 246 பேர் இறந்ததாக மாநிலச் சுகாதாரத் துறை கணக்கெடுத்தது. மின் உற்பத்தி நிலையங்கள் ஏன் ஒன்றன்பின் ஒன்றாக முடங்கின என்று ஆராய்ந்த ஒன்றிய அரசின் எரிசக்தி ஆணையம், 44 சதவீத முடக்கத்துக்கு உறைதலைக் காரணமாகக் காட்டியது. உறைந்த அளவுக் குழாய், உறைந்த வால்வு, பனி படிந்த காற்றாலைச் சிறகு என்று அந்தப் பட்டியல் நீள்கிறது. அந்த நிலையங்கள் நின்றதால் வீடுகளில் ஹீட்டர் நின்றது. ஹீட்டர் நின்றதும் வீட்டுக் குழாய்களும் உறைந்தன. ஆலையையும் வீட்டையும் ஒரே இயற்பியல் தாக்கியது. ஆலையைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியாகிவிட்டது. வீட்டுக் குழாய்க்குள் நடந்ததைப் பலரும் இன்னும் தவறாகவே புரிந்துவைத்திருக்கிறார்கள்.

*

தண்ணீர் உறையும்போது விரியும் என்பது பள்ளிப் பாடம். தண்ணீர் 4 டிகிரி செல்சியஸுக்குக் குளிரும் வரை மற்ற திரவங்களைப் போலச் சுருங்கிக்கொண்டே வருகிறது. அதற்குக் கீழே மூலக்கூறுகள் ஹைட்ரஜன் பிணைப்பில் அறுகோண வரிசையாக நிற்க இடம் தேடத் தொடங்குகின்றன. முழுதாக உறைந்ததும் அந்த வரிசைக்கு நடுவே வெற்றிடங்கள் கூடிவிடுவதால் பனிக்கட்டி தண்ணீரைவிட ஏறத்தாழ 9 சதவீதம் அதிக இடத்தை அடைத்துக்கொள்கிறது. ஏரி மேலிருந்து உறைவதும், ஃப்ரீசரில் வைத்த கண்ணாடிப் புட்டி வெடிப்பதும் இதனால்தான்.

ஆகவே குழாய்க்குள் பனி பருத்துச் சுவரை நெட்டித் தள்ளிப் பிளக்கிறது என்று முடிவு கட்டிவிடுகிறோம். அப்படியானால் பனி உள்ள இடத்தில்தான் குழாய் உடைய வேண்டும். பழக்கப்பட்ட பிளம்பரைக் கேட்டால், உறைந்த இடம் ஒன்று, உடைந்த இடம் வேறொன்று என்பார். வெளிச்சுவரை ஒட்டிய பகுதி உறைந்திருக்கும். கதகதப்பான அறையின் நடுச்சுவரில் விரிசல் விட்டிருக்கும்.

இந்தப் புதிரை வீட்டுக் குழாய்களை வைத்தே சோதித்துப் பார்த்தவர் இலினாய் பல்கலைக்கழகத்தின் கட்டட ஆய்வு மன்றத்தைச் சேர்ந்த ஜெஃப்ரி கார்டன். காப்பீட்டு நிறுவனங்களின் அமைப்பு ஒன்றுக்காக அவர் எழுதிய அறிக்கை 1996இல் வந்தது. பனி முதலில் குழாயின் சுவரில் படிகிறது. பிறகு உள்நோக்கி வளர்ந்து ஓர் இடத்தில் முழுதாக அடைத்துக்கொள்கிறது. அதுவரை பெரிய ஆபத்தில்லை. ஏனென்றால் விரியும் பனி தள்ளும் தண்ணீர் வந்த வழியே தெருக் குழாய்க்குப் பின்வாங்கிவிடும். அடைப்பு விழுந்த பிறகு அடைப்புக்கும் மூடிய குழாய்த் திருகுக்கும் நடுவே ஒரு துண்டுத் தண்ணீர் சிக்கிக்கொள்கிறது. பனி அடைப்பு நீளவாக்கில் வளர வளர அந்தத் தண்ணீர் நெருக்குண்கிறது. முறுக்கு நாழியின் கண்களை அடைத்துவிட்டு மேலிருந்து அழுத்தினால் என்ன ஆகுமோ அதுதான் இங்கேயும் ஆகிறது. அந்த அழுத்தத்தில் எங்கே பலவீனமோ அங்கே உடைகிறது. அந்த இடம் பனியிலிருந்து பத்தடி தள்ளியும் இருக்கலாம்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். அரை அங்குலச் செம்புக் குழாயில் ஒரு மீட்டருக்குச் சுமார் 150 மில்லி தண்ணீர் இருக்கும். அடைப்புக்கும் திருகுக்கும் இடையே 3 மீட்டர் என்றால் 450 மில்லி. தண்ணீர் எளிதில் அமுங்காது. அதன் பருமனை ஒரு சதவீதம் குறைக்க வேண்டுமானால் சுமார் 220 வளிமண்டல அழுத்தம் தேவை. அதாவது சதுர அங்குலத்துக்கு 3,200 பவுண்டு. நகராட்சிக் குழாயில் வழக்கமாக வரும் அழுத்தமோ 60 பவுண்டு சுற்றுவட்டாரம். அந்த ஒரு சதவீதம் என்பது இங்கே நான்கரை மில்லி, ஒரு தேக்கரண்டிக்குக் கொஞ்சம் குறைவு. சிக்கிய தண்ணீரில் 50 மில்லி உறைந்தாலே 9 சதவீத விரிவில் அந்த நான்கரை மில்லி கிடைத்துவிடும். 50 மில்லி என்றால் குழாயின் நீளத்தில் மீட்டரில் மூன்றில் ஒரு பங்கு, ஒரு முழம்கூட இல்லை. செம்பும் சிறிது விரிந்து கொடுக்கும் என்பதால் நடைமுறையில் இன்னும் கொஞ்சம் உறைய வேண்டியிருக்கும். ஆனாலும் இந்தக் கணக்கைப் பார்த்த பிறகு குழாய் எதற்காக உடைகிறது என்று கேட்கத் தோன்றாது. சில இரவுகளில் உடையாமல் இருப்பதுதான் வியப்பு.

உடையும்போது பெரும்பாலும் நீளவாக்கில்தான் பிளக்கும். உருளைக்குள் அழுத்தம் ஏறினால் அதன் சுற்றளவை விரிக்கும் விசை, நீளத்தை இழுக்கும் விசையைப் போல இரு மடங்கு. கொதிகலன் கட்டுகிறவர்களுக்கு இது பால பாடம்.

வழி அடைபட்டால்தான் ஆபத்து என்பதை மிக அழகாகச் செய்து காட்டிய ஒரு பழைய சோதனை உண்டு. 1784-85 குளிர்காலத்தில் கனடாவின் க்யூபெக்கில் இருந்த பிரிட்டிஷ் பீரங்கிப் படை அதிகாரி மேஜர் எட்வர்ட் வில்லியம்ஸ், இரும்புக் குண்டுக் கூடுகளில் தண்ணீர் நிரப்பித் துளையை ஆப்பால் அடித்து மூடி வெளியே வைத்தார். தண்ணீர் உறைந்தபோது ஓர் ஆப்பு 400 அடிக்கு மேல் பறந்துபோய் விழுந்தது. அந்தக் கூட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆப்பு அசையாதபடி இறுக்கிக் கட்டியபோது இரும்புக் கூடே பிளந்தது. வெளியேற வழி இருந்தால் பனி பீரங்கிக் குண்டைக்கூட விட்டுவைக்கும். வழி அடைபட்டால் இரும்பும் தாங்காது. குளிர்காலக் குழாய்களைப் பற்றிய எல்லா அறிவுரையும் இதிலிருந்துதான் வருகிறது.

இன்னொரு விசித்திரமும் உண்டு. குழாய்த் தண்ணீர் சுழியம் டிகிரி ஆனதும் உறைந்துவிடாது. பனித்துகள் ஒன்று உருவாகத் தூண்டுதல் கிடைக்கும் வரை மைனஸ் 4 டிகிரிவரைகூடத் திரவமாகவே தாழ்ந்து போகும். பிறகு ஒரு கணத்தில் ஊசி ஊசியாகக் கிளை விட்டுக் குழாய் முழுவதும் பனி பரவும். ஒரு கிராம் தண்ணீரை உறைய வைக்க 80 கலோரி வெப்பத்தை எடுக்க வேண்டும். நான்கு டிகிரி தாழ்ந்த தண்ணீரிடம் உள்ள கணக்கு 4 கலோரிதான். எனவே அந்த நொடியில் உறைவது இருபதில் ஒரு பங்கு, வெறும் 5 சதவீதம். அந்த 5 சதவீத ஊசி வலையே ஓட்டத்தை நிறுத்தப் போதுமானது என்பதை ஆல்பெர்ட்டா பல்கலைக்கழகத்தின் கில்பின் 1970களில் காட்டினார். வெந்நீர்க் குழாய்தான் முதலில் உடைகிறது என்று பிளம்பர்கள் சொல்லும் பழங்கதைக்கும் இதில் ஒரு விளக்கம் கிடைக்கிறது. எஃப். சி. பிரௌன் என்பவர் 1916இலேயே ஃபிசிக்கல் ரிவ்யூ இதழில் இதை எழுதினார். கொதித்து ஆறிய தண்ணீர் அதிகம் தாழ்ந்து போய், உறையும்போது குழாயின் குறுக்களவு முழுவதையும் ஒரேயடியாக அடைக்கிறது என்பது அவர் கண்டது. கதை கதையாகவே இருந்தாலும் சில சமயம் அதற்குள் ஒரு சோதனைக்கூடம் ஒளிந்திருக்கும்.

*

டெக்சாஸ் வீட்டுக்கு வருவோம். குளிர் மாநிலமான நியூ ஜெர்சியில் தரையடியில் பேஸ்மென்ட் உண்டு. தெருவிலிருந்து வரும் குழாய், பனி இறங்கும் ஆழத்துக்குக் கீழே, மூன்றடி மண்ணுக்கு அடியில் வந்து பேஸ்மென்ட்டில் நுழைந்து, வீட்டின் வெப்பத்துக்குள்ளேயே மேலேறும். டாலஸ், ஆஸ்டின், ஹூஸ்டன் பக்கம் பெரும்பாலும் பேஸ்மென்ட் கிடையாது. சிமென்ட் பலகைமேல் வீடு நிற்கிறது. எனவே குழாய்களை ஆட்டிக் எனப்படும் கூரைப் பரண் வழியாகக் கொண்டுபோகிறார்கள். வெந்நீர்க் கொதிகலனையும் பல வீடுகளில் பரணிலோ கராஜிலோ வைத்திருப்பார்கள். வெப்பக்காப்புப் பஞ்சு பரணின் தரையில் விரிந்திருக்கும், கோடையில் ஏசி வீணாகக் கூடாதென்று. குழாய் அந்தப் பஞ்சுக்கு மேலே, குளிருக்கு ஒப்புக்கொடுத்த பக்கத்தில் ஓடும். தோட்டக் குழாய், தெளிப்பான் குழாய், அதன் பின்னோட்டத் தடுப்பு வால்வு ஆகியவையெல்லாம் சுவருக்கு வெளியே வெட்டவெளியில் நிற்கும்.

நம்மூர்க்காரர்கள் இதைப் பார்த்துச் சிரிக்க உரிமையில்லை. வெளிச்சுவரில் குழாயை ஓட்டி, மொட்டை மாடியில் கறுப்புத் தொட்டியை வைத்து, சித்திரை மதியத்தில் குளிக்கத் திறந்து கை பொசுங்கி நிற்பவர்கள் நாம். டெக்சாஸ்காரரும் நம்மைப் போலவே வெயிலை நினைத்துக் கட்டியவர். அவருக்கு அவ்வப்போது துருவக் காற்று வந்துவிடுகிறது, நமக்கு வருவதில்லை. அவ்வளவுதான் வித்தியாசம்.

கார்டனின் அறிக்கை ஒரு எச்சரிக்கை எல்லை வகுத்தது. வெப்பக்காப்பு இல்லாத பரணில் ஓடும் குழாய்க்கு வெளி வெப்பநிலை பாரன்ஹீட்டில் 20 டிகிரிக்கு, அதாவது செல்சியஸில் மைனஸ் 7க்கு, இறங்கினால் ஆபத்து. 2021 பிப்ரவரி 16 அன்று ஹூஸ்டனில் பாரன்ஹீட் 13, டாலஸ்-ஃபோர்ட் வொர்த்தில் மைனஸ் 2. பிந்தையது செல்சியஸில் மைனஸ் 19, அங்கே 1949க்குப் பிறகு பதிவான மிகக் கடுமையான குளிர். வழக்கமான குளிரலை ஓர் இரவில் போய்விடும். இது நாட்கணக்கில் நின்றது.

நாட்கணக்கு என்பதுதான் இங்கே முக்கியம். ஹோம் டிப்போ கடையில் வாங்கும் நுரைக் கவசத்தையோ, பழைய துண்டையோ, காலுறையையோ தோட்டக் குழாயில் சுற்றி வைப்பது டெக்சாஸ் வழக்கம். வெப்பக்காப்பு எதையும் சூடாக்காது, வெப்பம் போகும் வேகத்தை மட்டும் குறைக்கும். மைனஸ் 7 டிகிரியில் வெறும் அரை அங்குலக் குழாய் மீட்டருக்கு ஏறத்தாழ மூன்றரை வாட் இழக்கிறது. உள்ளே உள்ள 150 மில்லி தண்ணீர் உறைய 50 கிலோஜூல் வெளியேற வேண்டும். வகுத்துப் பார்த்தால் நான்கு மணி நேரம். அரை அங்குல நுரை சுற்றினால் அது பத்து மணி நேரமாக நீளும். சாயங்காலம் ஏழு மணிக்குக் குளிர் இறங்கி, காலை வெயில் வந்தால் பத்து மணி நேரம் உயிர் காக்கும். மூன்று நாள் குளிரில் நுரையும் ஒன்றுதான், வெறுங்குழாயும் ஒன்றுதான். இந்தக் கணக்கு என் சொந்தக் கணக்கு, தோராயமானது. காற்றும் ஈரமும் விடைகளை மாற்றும். வரிசையை மாற்றாது.

கையில் மின் கம்பிச் சூடேற்றி இருந்தவர்களும் உண்டு. குளிரக் குளிரத் தானாகவே அதிக மின்சாரம் இழுத்துச் சூடாகும் மின் கடத்தும் பிளாஸ்டிக் நாடா அது. அருமையான கண்டுபிடிப்பு, மின்சாரம் இருக்கும் வரை. சுவரில் தொங்கும் டேங்க் இல்லாத வெந்நீர்ச் சாதனங்கள் பலவற்றிலும் உறைதலைத் தடுக்க உள்ளேயே சிறு ஹீட்டர் உண்டு. அதுவும் மின்சாரத்தை நம்பியது. மின்வெட்டு வந்த இரவில் இரண்டும் ஒன்றாகச் செத்தன.

*

குழாயைச் சொட்டு விடு என்பது டெக்சாஸில் தலைமுறை தலைமுறையாக வரும் அறிவுரை. ஓடும் தண்ணீர் உறையாது என்று காரணமும் சொல்வார்கள். காரணம் பாதிதான் சரி. நொடிக்கு ஒரு சொட்டு என்றால் மணிக்குச் சுமார் 180 மில்லி. மண்ணுக்கடியிலிருந்து 8 டிகிரியில் வருகிறது என்று வைத்துக்கொண்டால், அந்தத் தண்ணீர் கொண்டுவரும் வெப்பம் இரண்டு வாட்டைக்கூடத் தொடாது. ஒரு மீட்டர் வெறுங்குழாய்க்கே அது போதாது. எனினும் சொட்டு விட்ட குழாய் பல வீடுகளில் பிழைத்தது. உறைந்தாலும் பிழைத்தது. திருகு சற்றே திறந்திருந்ததால் நெருக்குண்ட தண்ணீர் வெளியே கசிந்துவிட்டது. க்யூபெக்கில் பறந்த ஆப்பின் வேலையை இங்கே அந்தச் சொட்டு செய்தது. ஆகவே சொட்டுவது நின்றுவிட்டால் தண்ணீர் மிச்சம் என்று திருகை மூடிவிடக் கூடாது. நின்றுபோவது அடைப்பு விழுந்ததற்கான அடையாளம். திருகு திறந்திருக்க வேண்டிய நேரமே அப்போதுதான்.

இந்த நல்ல அறிவுரை ஓர் ஊரே ஒன்றாகக் கடைப்பிடித்தபோது என்ன ஆனது என்பதையும் அந்த வாரம் காட்டியது. லட்சக்கணக்கான வீடுகள் சொட்டு விட்டன. உடைந்த குழாய்கள் ஒரு பக்கம் கொட்டின. நீரேற்று நிலையங்களுக்கு மின்சாரம் இல்லை. குழாய்கள் உறையாமலிருக்கத் தண்ணீரை ஓட விடாதீர்கள், மருத்துவமனைகளுக்கும் தீயணைப்புக்கும் அது வேண்டும் என்று ஹூஸ்டன் மேயர் சில்வெஸ்டர் டர்னர் கேட்டுக்கொள்ள நேர்ந்தது. ஆஸ்டினில் உல்ரிச் சுத்திகரிப்பு நிலையம் மின்சாரம் இழந்ததும் நகரம் முழுவதும் தண்ணீரைக் காய்ச்சிக் குடிக்கச் சொன்னார்கள். டெக்சாஸ் விதிப்படி குழாயில் சதுர அங்குலத்துக்கு 20 பவுண்டு அழுத்தமாவது இருக்க வேண்டும். அதற்குக் கீழே போனால் விரிசல் வழியாக மண்ணிலுள்ள அழுக்கு உள்ளே இழுபட வாய்ப்புண்டு. மாநிலத்தில் 1.4 கோடிப் பேரின் தண்ணீர் வழங்கல் ஏதோ ஒரு வகையில் பாதிக்கப்பட்டது. ஊருக்குப் பாதகமில்லாத வழி ஒன்றுதான். மெயின் வால்வை மூடி, வீட்டின் உயரமான குழாயையும் தாழ்வான குழாயையும் திறந்து, உள்ளே இருப்பதை வடித்துவிடுவது. தண்ணீர் இல்லாத குழாய் எந்தக் குளிரிலும் உடையாது. ஆனால் மெயின் வால்வு எங்கே இருக்கிறது என்பதே பலருக்கும் தெரிந்திருக்கவில்லை. வீட்டு முன்புறப் புல்தரையில், மீட்டர் பெட்டி மூடிக்கு அடியில், பூச்சியும் சேறும் அடைந்து கிடக்கும் அதைத் திருகத் தனிச் சாவி வேண்டும்.

2011 பிப்ரவரியிலும் டெக்சாஸில் இதேபோல் குளிர் அடித்து மின்வெட்டு வந்தது. அப்போதும் அறிக்கை எழுதினார்கள். ஆலைகளைக் குளிருக்கு ஆயத்தப்படுத்தச் சொன்ன பரிந்துரைகள் கட்டாயமாகாமல் அடுக்கில் உட்கார்ந்தன. 2021க்குப் பிறகுதான் சட்டம் வந்தது. வீடுகளின் பரணுக்கு யாரும் சட்டம் போடவில்லை. அந்த வேலை வீட்டுக்காரர் தலையில்.

*

சான் பிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதிக்காரர்களுக்கு இதெல்லாம் வேறு கண்டத்துக் கதையாகத் தோன்றும். ஃப்ரீமான்ட்டிலும் சன்னிவேலிலும் கடல் காற்று காவல் இருக்கிறது. மலைக்கு அந்தப் பக்கம், லிவர்மோர், ப்ளெசன்டன், டப்ளின் பள்ளத்தாக்கில் டிசம்பர் இரவுகள் வேறு மாதிரி. அங்கே குளிரைக் கொண்டுவருவது புயலைவிட மேகமில்லாத வானம்தான். பகலில் வாங்கிய வெப்பத்தை நிலம் அகச்சிவப்புக் கதிர்களாக வானத்துக்கே திருப்பித் தருகிறது. மேகம் இருந்தால் அதில் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பும். வானம் துலக்கமாக இருந்தால் நிறையவே போய்விடும். வானத்தைப் பார்த்து நிற்கும் பொருள், சுற்றியுள்ள காற்றைவிடவும் குளிர்ந்துபோகும். காற்று 2 டிகிரியில் இருக்கும்போதே கார்க் கண்ணாடியில் பனி படிவது இப்படித்தான். உதகையில் ஜனவரிக் காலையில் புல்மேல் பூக்கும் உறைபனியும் இதே கதை.

காற்றோடு சேர்த்துச் சொல்லப்படும் உணர்குளிரைப் பார்த்துக் குழாய்க்குப் பயப்பட வேண்டாம். அது தோலுக்கான கணக்கு. காற்று வீசுவதால் மட்டும் குழாய் காற்றின் வெப்பநிலைக்குக் கீழே போய்விடாது, அந்த வெப்பநிலைக்குச் சீக்கிரம் போய்ச் சேரும், அவ்வளவே. வளைகுடாப் பகுதியில் பழுதாவது பெரும்பாலும் வெளியே தரைக்கு மேல் நிற்கும் தெளிப்பான் இணைப்புகள், சொட்டு நீர்ப் பாசன வால்வுகள், வெயிலில் வருடக்கணக்கில் காய்ந்து நொறுங்கும் நிலைக்கு வந்த வெள்ளைப் பிவிசி. அங்கே குளிர் ஓர் இரவுக் குளிர் என்பதால், மேலே சொன்ன பத்து மணி நேரக் கணக்கு அப்படியே பலிக்கும். பழைய போர்வை ஒன்று போதும். இன்று புது வீடுகளில் போடும் பெக்ஸ் குழாய் விரிந்து சுருங்கக்கூடியது, செம்பைவிட நெடுநேரம் தாங்கும். அதை இணைக்கும் பித்தளை மூட்டு அப்படித் தாங்காது.

*

டெக்சாஸில் திங்கட்கிழமை உடைந்த குழாய்களில் பல வியாழன், வெள்ளியில்தான் ஒழுகத் தொடங்கின. உறைந்திருந்தவரை பனியே விரிசலுக்கு அடைப்பாக இருந்தது. வெயில் வந்து பனி உருகியதும் பரணிலிருந்து தண்ணீர் இறங்கி, ஊறிய ஜிப்ஸம் கூரை படுக்கைமேல் விழுந்தது. குளிர் போய்விட்டது என்று மூச்சு விட்ட நாளில்தான் சேதத்தின் அளவு தெரிந்தது. பிளம்பர்கள் போதவில்லை, மூட்டுகளும் குழாய்த் துண்டுகளும் கடைகளில் தீர்ந்துபோயின. வெளிமாநிலப் பிளம்பர்கள் வந்து வேலை செய்ய மாநில அரசு விதிகளைத் தளர்த்தியது. நியூ ஜெர்சியின் மாரிஸ்டவுனிலிருந்து ஒரு பிளம்பர், வண்டி நிறையச் சாமான்களை ஏற்றிக்கொண்டு மனைவி பிள்ளையோடு 1,600 மைல் ஓட்டி ஹூஸ்டன் பக்கம் வந்து சேர்ந்தது அப்போது நாடறிந்த செய்தி.

உறைந்த குழாயைத் தாமே உருக்கப் பார்ப்பவர்கள் முதலில் திருகைத் திறந்துவிட வேண்டும். பிறகு தலைமுடி உலர்த்தியைத் திருகுப் பக்கத்திலிருந்து தொடங்கி அடைப்பை நோக்கிக் கொண்டுபோக வேண்டும். நடுவில் சூடேற்றினால் உருகிய தண்ணீரும் ஆவியும் இரு பக்கமும் பனிக்கு நடுவே மாட்டிக்கொள்ளும். எரிவாயுத் தீப்பந்தம் வேண்டவே வேண்டாம். குழாயைக் காப்பாற்றப் போய்ச் சுவரைக் கொளுத்தியவர்கள் அமெரிக்காவில் ஒவ்வொரு குளிர்காலமும் இருக்கிறார்கள்.

மாரிஸ்டவுன் பிளம்பர் பழகிய ஊரில் வெளிக்குழாய்க்கு வேறு வடிவம் உண்டு. பார்க்கச் சாதாரணத் தோட்டக் குழாய்தான். ஆனால் கைப்பிடியைத் திருகினால் ஓரடி நீளத் தண்டு ஒன்று சுவருக்குள்ளே சுழலும். உண்மையான வால்வு வீட்டின் கதகதப்புக்குள் இருக்கும். வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பகுதி சற்றே கீழ்நோக்கிச் சாய்ந்திருப்பதால், மூடியதும் அதிலுள்ள தண்ணீர் வடிந்துவிடும். உறைவதற்கு அங்கே ஒன்றும் மிச்சமிருக்காது. எளிமையான, கிட்டத்தட்டக் குறையே இல்லாத வடிவமைப்பு. அதைக் கெடுக்க ஒரே வழி, ஹோஸ் பைப்பைக் கழற்றாமல் குளிர்காலத்துக்குள் போவது. ஹோஸில் நிற்கும் தண்ணீர் வடிய விடாது, தண்டைச் சுற்றித் தண்ணீர் அடைபடும், உறையும், குழாய் சுவருக்குள்ளே பிளக்கும். பழைய வீடுகளில் இந்த வகைக் குழாய் இருக்காது. அங்கே பேஸ்மென்ட்டில் தனி வால்வு ஒன்றும், அதன் பக்கவாட்டில் ஒரு குட்டி மூடியும் இருக்கும். நவம்பருக்குள் வால்வை மூடி, வெளிக்குழாயைத் திறந்துவைத்து, குட்டி மூடியைக் கழற்றி வடிய விட வேண்டும். வால்வை மட்டும் மூடிவிட்டு வெளிக்குழாயையும் மூடினால் இரண்டுக்கும் நடுவே தண்ணீரை நாமே சிறைவைத்ததாகிவிடும்.

நியூ ஜெர்சியின் எடிசனிலும் ப்ளெய்ன்ஸ்பரோவிலும் இன்னொரு ஆபத்து பொங்கல் காலத்தில் வரும். டிசம்பரில் ஊருக்குக் கிளம்பும் குடும்பம் எரிவாயுச் செலவை மிச்சப்படுத்த ஹீட்டரை அணைத்துவிட்டுப் போகும். காரைக்குடியில் கரும்பு கடித்துக்கொண்டிருக்கும்போது எடிசனில் மாடிக் குளியலறைக் குழாய் பிளந்து, பார்க்க ஆளில்லாமல் நாட்கணக்கில் கொட்டும். வழக்கமான வீட்டுக் காப்பீட்டு ஒப்பந்தத்தில், ஆளில்லாத வீட்டில் வெப்பத்தைக் காத்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் தண்ணீரை நிறுத்தி வடித்திருக்க வேண்டும் என்று ஒரு வாசகம் இருக்கும். இரண்டில் ஒன்றையும் செய்யாதவர் இழப்பீடு கேட்கப் போனால் அந்த வாசகத்தை எடுத்து நீட்டுவார்கள். தெர்மோஸ்டாட்டை 55 டிகிரி பாரன்ஹீட்டில் விட்டு, மெயின் வால்வையும் மூடிவிட்டுப் போவதற்கு ஆகும் செலவு, குழாய் பிளந்தால் வரும் இழப்புக்கு முன்னால் அற்பம்.

வெளிக்குழாய் உடைந்திருந்தால் குளிர்காலம் முழுவதும் அது காட்டிக்கொள்ளாது. விரிசல் வால்வுக்கு வெளிப்பக்கம் இருப்பதால் மூடிய நிலையில் ஒரு சொட்டும் வராது. ஏப்ரலில் தக்காளி நாற்றுக்குத் தண்ணீர் விடத் திறக்கும்போதுதான் பாதித் தண்ணீர் செடிக்கும் பாதி சுவருக்குள்ளும் போகும். அதனால் முதல் முறை திறப்பவர் குழாய் வாயைக் கட்டைவிரலால் அழுத்தி மூடிப் பார்க்க வேண்டும். விரலால் தடுக்க முடியாமல் தண்ணீர் பீறிட்டால் குழாய் நன்றாக இருக்கிறது. சுலபமாக அடைத்துப் பிடிக்க முடிகிறதென்றால் தண்ணீருக்கு உள்ளே வேறு வழி கிடைத்திருக்கிறது. உடனே மூடிவிட்டு, பேஸ்மென்ட்டில் இறங்கி அந்தச் சுவரின் உட்பக்கத்தைத் தடவிப் பார்க்க வேண்டும்.